சித்திரைக்குப் பிளாஸ்டிக் தோரணமா?

பட்டணத்து உறவுகளே, கோவிச்சுக்காதீங்க. சித்திரை 1 அன்னிக்கு இளவேனிலை வரவேற்கிறோம்னு சொல்லிட்டு, வாசல்ல பிளாஸ்டிக் மாவிலையைத் தொங்க விடுறீங்க. கேட்டா, வாடாதாம்! வாடாத இலைக்கு வசந்தம் எதுக்கு?

மாவிலையை மடிச்சு, ஈர்க்குச்சி குத்தி, சணல் கயித்துல கோர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளைங்க கையில கொடுங்க, விளையாட்டாவே முடிச்சிடும். வேப்பம்பூவையும் பாக்கெட்டில் வாங்குறீங்க. உங்க தெரு வேப்பமரத்தடியில பழைய வேட்டியை விரிச்சு வச்சா, காலையில அள்ளிக்கலாம்.

அடுத்தது வெல்லம். மாங்காய்ப் பச்சடிக்கு மஞ்சளா, பளிச்சுன்னு வேணும்ங்கிறீங்க. கரும்புச் சாறு காய்ச்சினா பழுப்பாத்தான் வரும். அந்த நிறத்துக்கு மண்டியில விலை இல்லைன்னுதான் கொப்பரையில ஹைட்ரோஸ் விழுது. போடாதவன் நட்டப்படுறான். போடுறவனைத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டுறேன். ஆனா வெளுப்பைக் கேட்டது யாரு?

இந்தச் சித்திரைக்குக் கறுத்த வெல்லமாக் கேட்டு வாங்குங்க. மாங்காய், வெல்லம், துளி உப்பு, மிளகாய், நெய்யில வறுத்த வேப்பம்பூ, அவ்வளவுதான் பச்சடி. வாடின தோரணம் மக்கி எருவாகும். உங்க பிளாஸ்டிக் கடைசியில எங்க ஊர் வாய்க்காலுக்குத்தான் வருது.