இரண்டு முறை விற்கப்படும் இருக்கை

இந்த ஆண்டு பொங்கல் வியாழக்கிழமை வந்தது. அடுத்து மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், ஞாயிறு. சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுமுறை. காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறும் கரும்புமாக மெரினாவுக்கோ வண்டலூருக்கோ மாமல்லபுரத்துக்கோ போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அக்கா பிள்ளைகளிடம் அது எடுபடவில்லை. யூடியூபில் பார்த்து வைத்திருந்த ரோலர் கோஸ்டரைத் தவிர வேறு எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. சனிக்கிழமை விடிவதற்குள் அம்மா, அக்கா, மச்சான், பிள்ளைகள் இருவர், நான் என்று ஆறு பேர் வாடகைக் காரில் கிளம்பினோம். தீம் பார்க்கை ஒட்டிய ரிசார்ட்டில் ஒரு இரவு தங்கல். அந்தப் பூங்காவின் பெயர் இங்கே அவசியமில்லை. நான் சொல்ல வரும் ஏற்பாடு இன்று பெரிய பூங்காக்கள் பலவற்றிலும் இருக்கிறது.

நுழைவுச் சீட்டு ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். உள்ளே போனதும் லாக்கருக்குத் தனிக் காசு. சுரிதாரோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, நைலான் உடைதான் வேண்டும் என்று அக்காவைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த உடையும் உள்ளே கடையிலேயே கிடைக்கிறது. அம்மா கட்டிக்கொண்டு வந்த புளியோதரை பை சோதனையில் பிடிபட்டு, கார் டிக்கிக்குத் திரும்பிப் போனது. இதையெல்லாம் பெரிய குறையாகச் சொல்லவில்லை. நனைந்த பருத்தித் துணியோடு சறுக்குப் பாதையில் இறங்கினால் ஆபத்து என்பது நியாயம்தான். புளியோதரை விஷயத்தில் நியாயம் கொஞ்சம் குறைவு, போகட்டும்.

உறுத்தியது வரிசைதான். ரோலர் கோஸ்டருக்குப் போகும் வழியில் இரும்புக் குழாய்களைப் பதித்து, போனவரை மறுபடி அதே இடத்துக்கே கொண்டுவந்து விடுகிற மாதிரி மடித்து மடித்து வரிசை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் குழாயில் தொங்கினார்கள். மேலே மின்விசிறி இருந்தது. காற்று அடுத்த மடிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் நகர்ந்து ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அங்கே இடப்பக்கத்திலிருந்து இன்னொரு பாதை வந்து சேர்கிறது. இரண்டும் கூடும் இடத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஊழியர் ஒருவர், கையையே தடுப்பாக நீட்டி நின்றார். இடப்பக்கம் ஆள் வந்தால் எங்கள் பக்கம் கை நீளும். அவர்கள் நடந்த நடையிலேயே போய் உட்கார்ந்தார்கள். பிறகு கை மடங்கும். எங்கள் பக்கத்தில் நாலு பேர் போவார்கள்.

"மாமா, அவங்க கையில மட்டும் ஆரஞ்சுப் பட்டை. நமக்கு நீலம்" என்றான் ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன்.

"அது தனி டிக்கெட்டுடா. கூடக் காசு கட்டணும்."

"நாமளும் கட்டலாமா?"

மச்சான் வாய் திறக்கவில்லை. மனதுக்குள் ஆறால் பெருக்கிக்கொண்டிருந்தார். அம்மாதான் முந்திக்கொண்டாள்: "கோயில்லயே இருக்கு, இங்க இல்லாம இருக்குமா?"

அம்மாவின் கேள்வியை அப்படியே தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் யாருக்கும் இந்த இரட்டை வரிசை புதிதல்ல. பழநியில், திருச்செந்தூரில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்காத குடும்பம் குறைவு. திருப்பதியில் 300 ரூபாய் தரிசனத்துக்கு ஆன்லைனில் காத்துக் கிடக்கிறோம். சாமியிடமே காசுக்கு ஒரு வழி என்றால் ராட்டினத்தில் இருந்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் ஒரு வித்தியாசம். கோயிலின் பொது வரிசையில் நிற்பவர் ஒரு பைசாவும் தரவில்லை. தீம் பார்க்கின் பொது வரிசையில் நிற்பவரோ முழுக் கட்டணம் செலுத்திவிட்டு நிற்கிறார். அவருக்கு விற்ற இருக்கையைத்தான் இடப்பக்கத்தில் வருபவருக்கு இன்னொரு தடவை விற்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ரோலர் கோஸ்டரில் 24 இருக்கைகள். ஏறி, பெல்ட் மாட்டி, ஓடி, இறங்க 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 ஓட்டம், 360 பேர். நமக்கு முன்னால் 180 பேர் நின்றால் அரை மணி நேரத்தில் முறை வந்துவிட வேண்டும். இருக்கைகளில் பாதி, கூடக் காசு கட்டிய விரைவுச் சீட்டுக்காரர்களுக்குப் போனால் அதே 180 பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். விரைவுச் சீட்டு விற்றதால் இருக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. வண்டி ஒரு நொடிகூட வேகமாகத் திரும்பவில்லை. பூங்கா அங்கே விற்பது தன் பொருளே அல்ல, பொது வரிசையில் நிற்பவர்களின் அரை மணி நேரம். அதை விற்றுவிட்டதாக அவர்களிடம் யாரும் சொல்வதுமில்லை.

இந்தத் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955இல் திறக்கப்பட்டபோது ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசுதான். சீக்கிரமே, ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகம் வந்தது. 1959இல் மிகச் சிறந்த சவாரிகளுக்கென்று 'இ' சீட்டு சேர்ந்தது. நம் தீவுத்திடல் பொருட்காட்சியில் ஜயன்ட் வீலுக்கு ஒரு டிக்கெட், கொலம்பஸுக்கு ஒரு டிக்கெட் என்று வாங்குவதும் இதே முறைதான். 1982இல் டிஸ்னிலேண்ட் சீட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே கட்டணம், எல்லாச் சவாரியும் என்றது. இன்று நம் பூங்காக்கள் வாசலில் எழுதிப் போட்டிருப்பதும் அதுதான்.

கட்டணம் ஒன்றானதும் வரிசை நீண்டது. அதற்கு மருந்தாக 1999இல் டிஸ்னி 'ஃபாஸ்ட்பாஸ்' கொண்டுவந்தது. இயந்திரத்தில் சீட்டைக் காட்டினால் திரும்பி வரவேண்டிய நேரம் அச்சாகி வரும். அதுவரை வேறு எங்கேனும் சுற்றலாம். காசு கிடையாது, எல்லாருக்கும் பொது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது ஓடியது. 2021இல், கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, அந்த இலவச முறை போய்க் கட்டண முறை வந்தது. 2024 அக்டோபரில் அறிமுகமான உச்ச வகைச் சீட்டு, ஃபுளோரிடாவில் கூட்டம் மிகுந்த நாளில், நுழைவுக் கட்டணம் நீங்கலாக, ஆளுக்கு 400 டாலரைத் தாண்டியது. எண்பதுகளில் ஒழித்த 'இ' சீட்டு, பெயரை மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது.

பின்வாசல் என்றது வெறும் பேச்சுக்கு அல்ல. ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டல், காசால் வாங்கக்கூடாதவை எவை என்று ஆராயும் தன் 2012ஆம் ஆண்டு நூலில் இந்தப் பூங்கா வரிசைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வரிசையை மீறிப் போகிறவர்களைச் சில பூங்காக்கள் கண்ணில் படாமல் தனி வாசல் வழியே அழைத்துப் போவதைக் குறிப்பிடுகிறார். மறைக்கத் தோன்றுகிறது என்றால், உறுத்துகிறது என்பது நடத்துகிறவர்களுக்கே தெரியும் என்றுதான் பொருள். காத்திருப்பின் உளவியலைப் பற்றி 1985இல் எழுதிய டேவிட் மைஸ்டரும், நியாயமில்லாத காத்திருப்பு நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும் என்கிறார். எங்கள் ஐம்பது நிமிடத்தில் நாற்பது நிமிடம் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போயிற்று. ஆரஞ்சுப் பட்டை கண்ணில் பட்ட பிறகு வந்த பத்து நிமிடம்தான் நகரவே மறுத்தது.

பூங்கா நடத்துகிறவர்கள் பக்கத்திலும் பேச இருக்கிறது. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவின் முதலீடு 600 கோடி ரூபாய்க்கு மேல். உள்ளாட்சிக் கேளிக்கை வரிப் பிரச்சினையில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, அரசு விலக்கு அளித்த பிறகே அந்தத் திட்டம் நகர்ந்தது. ஜிஎஸ்டி வந்தபோது தீம் பார்க் நுழைவுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரியில்தான் 18 ஆகக் குறைந்தது. பள்ளி நாட்களில் ராட்டினம் ஆளில்லாமல் நிற்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வாரக்கணக்கில் ஈயாடும். ஆண்டு முழுவதற்குமான சம்பளத்தையும் வட்டியையும் சில விடுமுறை நாட்களில் சம்பாதித்தாக வேண்டிய தொழில் இது. விடுமுறை நாளில் கட்டணம் கூடுதலாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. அது வாசலிலேயே தெரிகிறது. வேண்டாதவர் வேறு நாள் வரலாம். விரைவுச் சீட்டோ ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவரைத் தண்டிக்கிறது. பொது வரிசை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சீட்டு விற்கும். வரிசையைக் குறைக்க வேண்டியவர்களுக்கே அது நீண்டால் லாபம் என்று ஒரு நிலைமை, எந்தத் தொழிலிலும் நல்லதல்ல.

இதில் இன்னொன்றும் உண்டு. வார நாளில் வா, கூட்டமிருக்காது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மச்சான் மில்லில் ஷிப்ட் பார்ப்பவர். பிள்ளைகளுக்கும் பள்ளி, அவருக்கும் வேலை, இரண்டும் சேர்ந்து விடுமுறை விடுவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். நாளைத் தேர்ந்தெடுக்க வசதி இல்லாதவர்களே அந்த நெரிசல் நாளில் வருகிறார்கள். மேற்கொண்டு ஆறு விரைவுச் சீட்டு வாங்க முடியாதவர்களும் பெரும்பாலும் அவர்களே. காசுக்கு முந்திப் போவதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ரிசார்ட்டில் அறை எடுத்ததால் மறுநாள் காலை எங்களைக் கதவு திறக்கும் முன்பே உள்ளே விட்டார்கள். இரண்டு சவாரி வரிசையே இல்லாமல் முடிந்தது. நீலப் பட்டையோடு வெளியே நின்றவர்களைக் கடந்துதான் போனோம். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து எழுதுவது யோக்கியமாக இருக்காது.

தீர்வுக்கு ஃபுளோரிடா வரை போகவேண்டியதில்லை. 300 ரூபாய் வரிசை இருக்கும் அதே திருப்பதியில், சர்வ தரிசனத்துக்கு நேரம் குறித்த இலவச டோக்கனும் தருகிறார்கள். டோக்கன் வாங்கியவர் குறித்த நேரத்துக்கு வந்தால் போதும். லட்டுக்கும் முடி காணிக்கைக்கும் அத்தனை கூட்டத்தைச் சமாளிக்கிற ஓர் இடத்தில் முடிவது, சில ஆயிரம் பேர் வரும் பூங்காவில் முடியாதா? கையில் கட்டும் அதே பட்டையில் நேரத்தையும் அச்சடித்துவிடலாம். விரைவுச் சீட்டு விற்றே தீரவேண்டும் என்றால், ஒவ்வொரு ஓட்டத்திலும் இத்தனை இருக்கைக்கு மேல் அதற்குத் தருவதில்லை என்று ஒரு வரம்பு வேண்டும். அந்த வரம்பும், அன்றைக்கு விற்ற எண்ணிக்கையும், இரண்டு வரிசைகளின் காத்திருப்பு நேரமும் நுழைவுச் சீட்டுக் கவுண்ட்டரிலேயே எழுதித் தொங்க வேண்டும். காசு கொடுக்கும் முன்பே கண்ணில் பட வேண்டும்.

மே விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள் ஒன்று செய்யலாம். டிக்கெட் எடுக்கும் முன், இன்று விரைவுச் சீட்டு எத்தனை விற்றிருக்கிறீர்கள் என்று கவுண்ட்டரில் கேளுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கேட்டேன். அங்கிருந்த பெண் மேலாளரைப் பார்த்தார். மேலாளர், அதெல்லாம் சொல்வதற்கில்லை என்றார்.