பாயில் அமர்ந்த விருந்தாளிகள்

1656 மே மாதம் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு அம்ஸ்ரடாமில், கடனால் முறிந்துபோன ஓவியர் றெம்பிராண்ட், சிறிய செப்புத் தகட்டில் ஒரு விவிலியக் காட்சியைப் பொறித்தார். இப்றாஹீம் நபி (அலை) அவர்களின் வாசலுக்கு மூன்று விருந்தாளிகள் வந்த காட்சி அது. நபிமாரை உருவமாக வரைவது நம் வழக்கமல்ல. அதனால் படத்தை இங்கே அச்சிடவில்லை. ஆனால் அதன் அமைப்பைப் பேசாமல் விட மனமில்லை.

பரோக் காலப் பொறிப்புகளில் உடல்கள் முறுகும், துணிகள் பறக்கும், வானம் பிளந்து ஒளி கொட்டும். இங்கே அந்த ஆரவாரம் கிடையாது. விருந்தாளிகள் நிலத்தில் விரிப்பில் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் கூசாவோடு கீழ் மூலையில் குனிந்து நிற்கிறார். கதவு இடுக்கின் இருளில் சாறா காது கொடுக்கிறார். எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி, வில்லோடு ஒரு சிறுவன்: இஸ்மாயீல். ஆதியாகமத்தின் அந்தக் காட்சியில் அவர் பெயரே இல்லை; ஓவியர்தான் கொண்டுவந்து நிறுத்தினார். பிறக்கப்போகும் இன்னொரு மகனைப் பற்றி முன்னால் பேச்சு நடக்க, பின்னால் இந்தப் பிள்ளை தன் விளையாட்டில் இருக்கிறது. ஒரு முகத்திலும் அழுகையில்லை. அந்தச் சின்ன முதுகைப் பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது.

நிலத்தில் இருத்தும் யோசனை எங்கிருந்து வந்தது? ஹிந்துஸ்தானத்திலிருந்து. மரத்தடியில் அமர்ந்த நான்கு பெரியார்களைக் காட்டும் முகலாயச் சிற்றோவியம் ஒன்றை றெம்பிராண்ட் பார்த்து வரைந்தார். அந்தப் பிரதி இன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலிருந்தே இந்த விருந்தின் இருக்கை பிறந்தது. பீரங்கியோடு கீழைத்தேயம் வந்த நாட்டின் ஓவியர், முஸ்லிம் அரசவையின் ஓவியத்திடம் விருந்தோம்பலின் பணிவைக் கற்றார்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களான நாமும் விருந்தாளிகளாய் வந்த கதையுடையவர்கள். 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். 1961 வரை நம் கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் பாய் விரித்து, சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்தே விருந்துண்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கு ஒல்லாந்தர் என்றால் கோட்டையும் கறுவாவும் மட்டுமே. சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களே, மரத்தடிப் பெரியார்களின் அந்தப் பிரதியை ஒரு நாள் வகுப்பில் காட்டுங்கள். அதில் நபிமார் எவருமில்லை.