தாய்மொழியில் ஒரு சிறு நூல்: ஓசூர் எழுப்பும் கேள்வி



ஞாயிறு மாலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் இங்கு என்றும் ஒலித்து வந்த மொழிகள். இன்று அவற்றோடு இந்தி, ஒடியா, வங்காளம், அசாமியம் எல்லாம் கலந்து ஒலிக்கின்றன. கூர்ந்து கேட்டால், நமக்குப் பெயர்கூடத் தெரியாத சில மொழிகளும் காதில் விழும். வாரம் முழுவதும் ஆலையில் உழைத்த இளைஞர்களும் இளம்பெண்களும் தங்கள் ஊரோடு கைபேசியில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்கள் முதன்முதலில் 'விண்ணகத் தந்தையே' என்று சொல்லக் கற்றது எந்த மொழியில்? இந்தக் கேள்வியை நம் பங்குகளில் நாம் இதுவரை கேட்டிருக்கிறோமா?

2022ஆம் ஆண்டு நவம்பரில் அன்றைய மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் ஓர் அறிவிப்பைச் செய்தார். ஓசூர் அருகே உருவாகும் ஐபோன் ஆலையில் 60,000 பேர் வேலை பெறுவார்கள் என்றும், அவர்களில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிப் பெண்கள் என்றும் அவர் கூறினார். நாளிதழ்கள் இதைத் தொழில்வளர்ச்சிச் செய்தியாக வெளியிட்டன. நாமும் அப்படியே வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். ஆனால் திருச்சபை வரலாறு அறிந்தவர்களுக்கு ராஞ்சி என்ற பெயர் வேறு சிலவற்றையும் நினைவூட்டும். முண்டா, ஓராவோன், காரியா மக்களிடையே லுத்தரன் சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆழமாக வேரூன்றிய மண் அது. அந்த வேர்கள் பிடித்தது பெரும்பாலும் அவர்களது சொந்த மொழியில்தான்.

சுவரில் தொங்கிய பாடம்

கிறிஸ்தவப் போதனையை மக்கள் மொழியில் சிறு நூலாகத் தருவது பற்றிப் பேசும்போது லுத்தரன் சபைகளைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1528இல் மார்ட்டின் லூத்தர் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிட்டார். மக்களுக்கு மட்டுமல்ல, போதகர்கள் பலருக்குமே நம்பிக்கை அறிக்கையோ கர்த்தர் கற்பித்த செபமோ சரியாகத் தெரியவில்லை என்பதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். அந்த வருத்தத்தின் பயனாக 1529இல் வெளிவந்ததே 'சிறிய ஞானோபதேசம்'. பத்துக் கட்டளைகள், நம்பிக்கை அறிக்கை, கர்த்தருடைய செபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, நற்கருணை ஆகியவற்றைக் கேள்வி பதிலாக விளக்கும் நூல் அது. அதன் பகுதிகள் முதலில் சுவரில் மாட்டும் தாள்களாகவே அச்சிடப்பட்டன. குடும்பத் தலைவர் தம் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கத்தோலிக்கத் திருச்சபையும் பின்தங்கிவிடவில்லை. புனித பீட்டர் கனீசியுசின் மறைக்கல்வி நூல் 1555இல் வெளிவந்தது. நம் மண்ணிலோ, லூத்தரின் நூல் வெளிவந்து அரை நூற்றாண்டு முடிவதற்குள், 1578இல் கொல்லத்தில் சேசு சபைத் துறவி என்றீக்கு என்றீக்கஸ் தமிழில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலை அச்சிட்டார். இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் அச்சான முதல் நூல்களில் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு. போர்த்துக்கீசிய மறைக்கல்வி நூல் ஒன்றின் தமிழாக்கம் அது.

கடன் வாங்கிய சொற்கள்

1706 சூலை 9இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற இளைஞர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். இலண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறியும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகளும் வந்து சேர்ந்தன. எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்ததால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. 1719இல், நாற்பது வயதுகூட நிரம்பாத நிலையில், சீகன்பால்க் இறந்தார்.

இதில் நாம் மறந்துவிட்ட ஓர் உண்மை உண்டு. கிறிஸ்தவக் கருத்துகளைச் சொல்லத் தமிழ்ச் சொற்களைத் தேடியபோது சீகன்பால்க் முதலில் துணைக்கு எடுத்தது கத்தோலிக்கர்கள் எழுதி வைத்திருந்த ஓலைச்சுவடிகளைத்தான். தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலியும் தம் பெரிய நூலுக்கு 'ஞானோபதேசம்' என்றே பெயர் வைத்திருந்தார். ஆக, லுத்தரன் சபையின் தமிழ்நடை கத்தோலிக்கரிடம் கடன் பெற்று வளர்ந்தது.

அடுத்த தலைமுறையில் இந்த உறவு சண்டையாக மாறியது. வீரமாமுனிவர் 'வேதவிளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகிய நூல்களை எழுதித் தரங்கம்பாடியாரோடு வாதிட்டார். அவர்களும் விடவில்லை. இறைவனைக் குறிக்கும் சொல்லே இரண்டாகப் பிரிந்தது. நாம் 'சர்வேசுரன்' என்றோம், அவர்கள் 'பராபரன்' என்றார்கள். நாம் 'சேசு' என்றோம், அவர்கள் 'இயேசு' என்றார்கள். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஒரே ஆண்டவரை வேறு வேறு பெயரால் அழைத்தார்கள். ஒருவர் வீட்டு நூலை மற்றவர் தொடக்கூடாது என்ற நிலையும் வந்தது.

கிருஷ்ணகிரியின் பங்கு

இந்த வரலாற்றில் நம் கிருஷ்ணகிரிக்கும் இடமுண்டு. லைப்சிக் மிஷனிலிருந்து கொள்கை வேறுபாட்டால் விலகிய தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் என்ற இருவரையும் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை இந்தியாவுக்கு அனுப்பியது. 1895இல் அவர்கள் பணி தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி. பிறகு ஆம்பூருக்கும், 1907இல் நாகர்கோவில் பகுதிக்கும் அந்தப் பணி பரவியது. இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் இதுவே. நேத்தர் 1904இல் கொள்ளைநோய்க்குப் பலியானார். தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியைக் கடந்து ஓசூருக்கு விரையும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். மைசூர் மறைப்பணியைத் தொடங்கிய சேசு சபைத் துறவி லியோனார்டோ சின்னமி பதினேழாம் நூற்றாண்டிலேயே கன்னடத்தில் மறைக்கல்வி நூல் எழுதினார். லுத்தரன், சீர்திருத்தம் என்ற இரு மரபுகளும் கலந்த பாசல் மிஷனைச் சேர்ந்த பெர்டினாண்டு கிட்டல் 1894இல் வெளியிட்ட கன்னட அகராதியை அறிஞர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். சத்தியம் உள்ளத்தில் இறங்க வேண்டுமானால் அது தாய்மொழி வழியாகத்தான் இறங்கும் என்பதில் இரு தரப்பாருக்கும் வேறுபாடு இருந்ததில்லை.

சொல்லிலிருந்து நிலத்துக்கு

ராஞ்சிக்குத் திரும்புவோம். 1845இல் அங்கு வந்த கோஸ்னர் மிஷனாரிகள் லுத்தரன் சபையைத் தொடங்கினார்கள். அவர்கள் வழிவந்த ஆல்பிரட் நோட்ராட் முண்டாரி மொழியில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். கத்தோலிக்கத் தரப்பில் 1885இல் வந்த கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தை இழந்துகொண்டிருந்த பழங்குடி மக்களுக்காக நீதிமன்றப் படியேறினார். பின்னர் வந்த சேசு சபையினரான ஜான் ஹாப்மன் முண்டாரி மொழிக்குக் கலைக்களஞ்சியமே தொகுத்தார். அதே ஹாப்மன்தான் பழங்குடியினரின் நில உரிமையைக் காக்கும் 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாகவும் உழைத்தார்.

இதைத் தற்செயல் என்று நாம் எண்ணவில்லை. முண்டா மக்களின் நிலத்துக்கும் வழக்கத்துக்கும் உரிய சொற்களைத் தெரிந்துகொண்டவருக்குத்தான் அவர்கள் இழப்பது என்ன என்பது விளங்கியது. செபத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தவர், மக்களின் முறையீட்டையும் கேட்கத் தொடங்கினார். மொழியைக் கற்க மறுப்பவர் காதில் அழுகுரலும் விழாது.

இன்றைய நிலை

1992இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட லுத்தரன் ஹெரிட்டேஜ் பவுண்டேஷன் என்ற அமைப்பு, சிறிய ஞானோபதேசத்தையும் சிறுவர் விவிலியக் கதைகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்த்து இலவசமாக வழங்கி வருகிறது. 2029இல் சிறிய ஞானோபதேசத்துக்கும், 2030இல் அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கைக்கும் 500 ஆண்டுகள் நிறைகின்றன. வருகிற ஆண்டுகளில் இந்த முயற்சிகள் இன்னும் பெருகும் என்றே எதிர்பார்க்கலாம்.

இதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா? மகிழ வேண்டுமா? இரண்டுக்கும் முன், கற்றுக்கொள்ள வேண்டும் என்போம். ஏனெனில் காலம் மாறியிருக்கிறது. மொழிபெயர்ப்புப் பணியில் பிரிந்த சகோதரர்களோடு இணைந்து உழைக்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே வழி திறந்தது. அதன் பயனாகத் தமிழில் 1995இல் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் நம் கைக்கு வந்தது. சர்வேசுரனும் பராபரனும் 'கடவுள்' என்ற ஒரே சொல்லில் சந்தித்தார்கள். 1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் மீட்பின் மையக் கேள்வி பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2016இல் சுவீடனின் லுண்ட் நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் லுத்தரன் தலைவர்களோடு சேர்ந்து செபித்தார். மிசௌரி சபை போன்ற சில லுத்தரன் சபைகள் அந்தக் கூட்டறிக்கையை ஏற்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. வேறுபாடுகள் இருக்கின்றன. ஆனால் வேறுபடுகிறவரிடமும் நல்லதைக் கற்கலாம்.

அதே வேளையில் குறைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைத்த நூல் எல்லாம் வாசிக்கப்பட்ட நூல் ஆகிவிடாது. தொலைவில் எழுதி இங்கே பெயர்க்கப்பட்ட நூல், நம் மக்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஆபத்தும் உண்டு. இரவுப் பணி, விடுதி வாழ்க்கை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், தனிமை ஆகியவையே ஓசூரில் வாழும் இளம்பெண்ணின் கேள்விகள். அவற்றுக்கு அவள் மொழியில் பதில் எழுதப் போவது யார்?

இன்னொரு சிக்கலும் உண்டு. பேசும் மொழி வேறு, படிக்கத் தெரிந்த எழுத்து வேறு. இதை ஓசூர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாகப் பத்தாம் வகுப்பை எட்டியபோது, இப்பகுதியின் தெலுங்கு, கன்னட, உருதுப் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் பட்ட கவலையை நாம் அறிவோம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் அல்லது ஆங்கிலம், கோவிலில் தமிழ் என்று வளரும் பிள்ளை, எந்த மொழியில் தன் பாவத்தை எண்ணி வருந்துகிறது? எந்த மொழியில் நன்றி சொல்கிறது? புலம்பெயர்ந்து வந்தவர்களைப் பற்றி யோசிக்கும்போது, நம் ஊரிலேயே இருக்கும் இந்தப் பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் தேவையில்லை. திருப்பலி முடிந்ததும் பின்வரிசையில் நிற்கும் புதுமுகத்திடம் சென்று, 'உங்கள் வீட்டில் என்ன மொழியில் செபம் சொல்வீர்கள்?' என்று கேட்பதே முதல் படி. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களைப் பங்குப் பேரவை எழுதி வைக்கட்டும். ராஞ்சி உயர்மறைமாவட்டத்தோடும் ஒடிசாவின் மறைமாவட்டங்களோடும் தொடர்பு கொண்டு, அவர்களது செபநூல்களையும் பாடல் நூல்களையும் பத்துப் பத்துப் படிகள் வரவழைக்கலாம். எழுத்தறியாதவர்களுக்கு அவற்றைக் குரலில் பதிவு செய்து கைபேசியில் அனுப்பலாம். அந்தக் குரல் அவர்களில் ஒருவருடைய குரலாகவே இருக்கட்டும்.

ஆலையில் நம் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவரானால், அவரை நம் பக்கம் இழுக்க முயலாமல், கிருஷ்ணகிரியிலோ அருகிலோ உள்ள அவரது சபையை அவருக்குக் காட்டிக்கொடுப்போம். அதுவும் கிறிஸ்தவ அன்பே. செபத்தாளின் பின்பக்கத்தில் சம்பளம், வைப்புநிதி, பணியிடப் பாதுகாப்பு, பெண்களுக்கான உதவி எண் ஆகியவற்றையும் அவர்கள் மொழியில் அச்சிடுவோம். ஹாப்மன் காட்டிய வழி அதுதான்.

பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்கள் திருத்தூதர்கள் பேசியதை அவரவர் மொழியில் கேட்டார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். எல்லாரும் ஒரே மொழிக்கு மாற வேண்டும் என்று தூய ஆவியார் கேட்கவில்லை.

அன்று ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் இளைஞர் நம் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து 'அ' எழுதக் கற்றார். இன்று ராஞ்சியிலிருந்து நம் ஊருக்கு ஒரு சகோதரி வந்திருக்கிறாள். அவள் மொழியில் 'வணக்கம்' சொல்லவாவது நாம் கற்றுக்கொண்டோமா? வருகிற ஞாயிறு, கோவில் வாசலில் நின்று சிந்திப்போம்.