பிக்கப்புக்கு நகை போட்டது போதும்!

நம் கல்லூரி வாசலில் ஒரு மணி நேரம் நின்று சாலையைக் கவனியுங்கள். கோழிக்கூண்டு ஏற்றிய பிக்கப் போகும், பந்தல் சாமான் ஏற்றிய பிக்கப் போகும், வாழைத்தார் ஏற்றியது போகும். இவற்றுக்கு நடுவே எப்போதாவது வேறு ஜாதி வண்டி ஒன்று வரும். நாலு கதவு, முன்னால் காட்டெருமைக் கொம்பு மாதிரி இரும்புக் கம்பி, கூரை மேல் வரிசையாக விளக்கு, இடுப்பளவுக்கு டயர். நம்மில் பாதிப் பேர் அது கண்ணை விட்டு மறையும் வரை வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். நிற்கட்டும், தப்பில்லை. ஆசை யாருக்குத்தான் இல்லை?

ஆனால் அதைப் பார்த்து, "மச்சான், செமயா செட்டப் பண்ணியிருக்கான்டா!" என்று சொல்கிறோமே, அங்கேதான் எனக்குத் தகராறு. ஒரு பிக்கப்பை டிரெய்லர் இழுக்கவும், தார் போடாத பாதையில் ஓட்டவும் தயார் செய்வது என்றால் முதலில் எடை, அப்புறம் பிரேக், டயர், கடைசியாகக் கொக்கி. இந்த நாலில் டயரைத் தவிர மற்றது எதுவும் வெளியே நின்று பார்த்தால் தெரியாது. வெளியே தெரிவதில் முக்கால்வாசி நகை. நகை போடுவது உரிமையாளர் இஷ்டம். அதை எஞ்சினீயரிங் என்று நாமும் சேர்ந்து சொல்லலாமா? நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள் ஆயிற்றே!

பிக்கப் நமக்குப் புதிதல்ல. டாடாமொபைல் 1988-லேயே வந்துவிட்டது. ஆனால் குடும்பத்தோடு போகவும் காட்டுப்பாதையில் ஏறவும் சேர்த்து ஒரே வண்டி என்ற மோகம் 2016-ல் இசுஸு வி-கிராஸ் வந்த பிறகுதான் நம் பக்கம் பரவியது. 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸும் வந்தது. வண்டி வந்ததும் கூடவே சாமான் கடையும் வந்துவிட்டது. வின்ச், ரூஃப் ரேக், லிஃப்ட் கிட் என்று வாங்கி மாட்டிக்கொண்டே போகிறார்கள். அதெல்லாம் எத்தனை கிலோ என்று கேட்கிறவர் யார்?

ஒரு கணக்கு போடுவோம். ஆர்.சி. புத்தகத்தில் காலி வண்டியின் எடை இருக்கும், சுமையோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏறினால் 350. இரும்பு பம்பரும் வின்ச்சும் 90. ரூஃப் ரேக்கும் கூடாரமும் 80. கேனில் தண்ணீர் 60. டிரெய்லரின் மூக்கு கொக்கியில் உட்காரும் எடை 100. ஆக மொத்தம் 680. மீதி 70 கிலோதான்! இதில் டூல் பாக்ஸ், இன்னொரு ஸ்டெப்னி, சாப்பாட்டு மூட்டை எல்லாம் ஏற வேண்டும். பின்னால் அவ்வளவு பெரிய தொட்டி காலியாகக் கிடக்கும், வண்டி மட்டும் ஓவர்லோடு. இந்த வேடிக்கை பிக்கப்பில்தான் நடக்கும்.

அந்தக் கொக்கி எடை 100 கிலோ இருக்கிறதே, அது 100 கிலோவாக மட்டும் நடந்துகொள்ளாது. முதலாண்டு மெக்கானிக்ஸில் மொமெண்ட் எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வீல்பேஸ் 3 மீட்டர். கொக்கி பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. பின் ஆக்ஸிலைச் சுற்றி மொமெண்ட் எடுங்கள். முன் ஆக்ஸிலில் 40 கிலோ குறையும், பின் ஆக்ஸிலில் 140 கிலோ ஏறும். அதாவது முன்பக்கம் தூக்குகிறது. ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆகும். உடனே ஓட்டுகிறவர் என்ன செய்வார்? "ஸ்டீயரிங் லூசா இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று அலைன்மெண்ட் கடைக்குப் போவார்!

சரி, மூக்கு எடை வேண்டாம் என்று சுமையை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளினால் அதைவிட மோசம். சுமையில் பெரும்பகுதி டிரெய்லர் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்க வேண்டும். டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தால் வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். ஆடத் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பதற்றத்தில் பிரேக்கை ஏறி மிதித்தாலோ எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பினாலோ வண்டி மடங்கிக்கொள்ளும்.

இனி நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பிடித்தமான வைத்தியத்துக்கு வருகிறேன். பின்பக்கம் தாழ்ந்தால், "அண்ணே, ரெண்டு பட்டை சேர்த்து விட்டுடுங்க." பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், வண்டி நிமிரும், பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் ஆக்ஸில் அதே ஆக்ஸில், பேரிங் அதே பேரிங், பிரேக் டிரம்மும் அதேதான். ஆர்.சி.யில் போட்ட மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஏ.பி.எஸ். இல்லாத பல சுமை வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பின் பிரேக்குக்கு எவ்வளவு பிரஷர் விடுவது என்று அது முடிவு செய்கிறது. பட்டை சேர்த்து வண்டியை நிமிர்த்திவிட்டால், முழுச் சுமை இருக்கும்போதும் அந்த வால்வு 'வண்டி காலி' என்று நினைத்துக்கொள்ளும். பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஆக, சுமை தாங்கட்டும் என்று செய்த வேலை, பிரேக்கைப் பிடுங்கிக்கொண்டு போகிறது! பட்டை சேர்த்தவர் இந்த வால்வின் ராடை மறுபடி செட் செய்தாரா என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ராடு?" என்பார்.

பிரேக் பேச்சு வந்ததால் இன்னொன்று. வண்டி 2500 கிலோ, டிரெய்லர் 1000 கிலோ. டிரெய்லரில் தனி பிரேக் இல்லை. எந்த வேகத்தில் போனாலும் வண்டியின் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 40 சதவீதம் கூடிவிடுகிறது. சமவெளியில் இது தெரியாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பாருங்கள், தெரியும். பாதி மலையிலேயே லைனிங் கருகும் வாடை வரும், பெடல் உள்ளே போகும். ஏறிய கியரிலோ அதற்கும் ஒரு கியர் கீழேயோ இறங்க வேண்டும் என்று நம் தாத்தா காலத்து லாரி டிரைவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டயருக்கு வருவோம். பத்து சதவீதம் பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்? வண்டி உயரும், பாறை தட்டாது. அதோடு, சக்கரத்தின் இழுவிசை கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறையும். பிரேக்கின் பிடிப்பும் அதே கணக்கில் குறையும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடும். இழுப்பதற்காக வாங்கிய வண்டியில் இழுவையைக் குறைக்கப் பணம் கொடுக்கிறோம்! புதிதாக மண்பாதைக்குப் போகிறவருக்குக் கம்பெனி கொடுத்த அளவே போதும். வேண்டுமானால் அதே அளவில் நல்ல ஆல்-டெரைன் டயர் போடட்டும்.

அளவை விட முக்கியம் உள்ளே இருக்கும் காற்று. தேரி மணல் மாதிரி இளகிய மணலில், சாலைக்கு வைக்கும் 32, 35 பி.எஸ்.ஐ.யோடு இறங்கினால் டயர் கத்தி மாதிரி உள்ளே போகும். 18 பக்கம் இறக்கிப் பாருங்கள். டயர் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும், எடை பரவும், அதே வண்டி மேலேயே மிதந்து போகும். ஒரு பைசா செலவில்லை. ஆனால் காற்றை இறக்கிய பிறகு வேகம் கூடாது, வெடுக்கென்று திருப்பக் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி நிரப்பியாக வேண்டும். சின்ன கம்ப்ரஸரும் ஒழுங்கான கேஜும் இல்லாமல் மணலில் இறங்காதீர்கள். கரிசல் மண் வேறு கதை. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்து நண்பர்களைக் கேளுங்கள். மழை பெய்த மறுநாள் கரிசலில் போனால் டயரின் பள்ளமெல்லாம் மண் அப்பி, நாலு சக்கரமும் மொட்டை டயர் ஆகிவிடும். அங்கே காற்றை இறக்கியும் பெரிய பிரயோஜனம் இல்லை. காயும் வரை காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஃபோர் வீல் டிரைவ் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இந்தப் பிக்கப்புகளில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் 4-எச் போட்டு வளைத்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடப் பார்க்கும், முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். "எதுக்கும் இருக்கட்டுமே" என்று போட்டுக்கொண்டு பைபாஸில் போகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது கொக்கி. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இன்-பிளான்ட் டிரெயினிங் போன பட்டறைக்கு ஒரு பிக்கப் வந்தது. வேறு எங்கோ கொக்கி வைத்திருந்தார்கள். பின் பம்பரில் ஒரு தகட்டை வெல்ட் அடித்து அதில் பந்து மாட்டியிருந்தது. பம்பரைப் பிடித்திருந்ததோ நாலு சின்ன போல்ட். பட்டறைப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இழுக்கறது பம்பர் இல்ல, சேஸிஸ்" என்றார். மொத்தப் பாடமும் அதில் அடங்கிவிட்டது. கொக்கிச் சட்டம் இரண்டு பக்கமும் சேஸிஸ் ரெயிலில், கம்பெனி விட்டிருக்கும் துளைகளில், 8.8 அல்லது 10.9 கிரேடு போல்ட்டால் பிடிக்க வேண்டும். ரெயிலில் கண்ட இடத்தில் வெல்ட் அடித்தால் சூடு பட்ட இடம் பலம் இழக்கும், பிறகு அங்கேதான் விரிசல் விடும். டிரெய்லருக்குச் சேஃப்டி செயின் இரண்டு, கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். கப்ளிங் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் செயின் ஏந்திக்கொள்ளும்.

இன்னொரு பழக்கம் உயிரையே வாங்கும். சிக்கிக்கொண்ட வண்டியை இழுக்கக் கயிற்றைக் கொக்கிப் பந்தில் மாட்டுவது. அந்தப் பந்து உருளுகிற டிரெய்லருக்காகச் செய்தது. சேற்றில் புதைந்த இரண்டரை டன்னை வெடுக்கென்று இழுக்கும்போது அதன் காம்பு உடைந்தால், கயிற்றில் சேர்ந்த ஆற்றல் முழுவதோடும் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படிப் பந்து பறந்து வந்து உயிர்கள் போயிருக்கின்றன. வண்டிக்கு அடியில் கப்பலில் கட்டி வைக்க விட்டிருக்கும் மெல்லிய வளையங்களும் இழுக்க ஆகாது. இழுப்பதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்த கொக்கியைச் சேஸிஸில் மாட்டி, அதில் எடை அளவு பொறித்த ஷேக்கிள் போட வேண்டும். 19 மி.மீ. போ ஷேக்கிள் என்றால் அதில் 4.75 டன் என்று அடித்திருக்கும். ஒன்றும் பொறிக்காத ஷேக்கிளைத் தொடாதீர்கள். கயிற்றின் மேல் கனமான ஜமுக்காளமோ சாக்கோ போடுங்கள். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைக் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் விரட்டுங்கள். நம் ஊரில் இதுதான் கஷ்டமான வேலை! அதற்கு முன்னால், மண்வெட்டி எடுத்து டயருக்கு முன் இருக்கும் மண்ணை அள்ளினாலே பாதி வண்டிகள் தானாக வெளியே வந்துவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் மாட்டும் புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. டிரெய்லரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

நாளைக்கு நாம் ஏதாவது ஒரு பட்டறையிலோ ஷோரூமிலோ நிற்போம். வாடிக்கையாளர் வருவார். "தம்பி, நாலு இஞ்ச் ஏத்தணும், கொக்கி வைக்கணும், எவ்வளவு ஆகும்?" என்பார். ரேட் மட்டும் சொல்கிறவனுக்கு டிப்ளமோ எதற்கு? "சார், எதை இழுக்கப் போறீங்க? அது எத்தனை கிலோ?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டால் முதலாளி முறைப்பார், தெரியும். வந்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம் அவருக்கு. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கொக்கி கழன்றால் பின்னால் வருவது டிவிஎஸ் எக்ஸெல்லில் பிள்ளையை உட்கார வைத்து வரும் யாரோ ஒருவர்.

பேரவைக்கு ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் வாகனக் கண்காட்சி வைத்து, உயரமான வண்டிக்குக் கோப்பை கொடுக்கிறோம். அடுத்த வருஷம் எடை மேடை ஒன்றில் அரை நாள் அனுமதி வாங்குவோம். ஊரில் உள்ள பிக்கப்காரர்களை டிரெய்லரோடு கூப்பிடுவோம். முதலில் முன் சக்கரம் மட்டும் மேடையில், அடுத்து வண்டி முழுவதும், அப்புறம் பின் சக்கரம் மட்டும், கடைசியில் டிரெய்லர் தனியாக. டிரெய்லர் மாட்டி ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை. ஆர்.சி.யில் இருக்கும் எண்ணையும் மேடையில் வந்த எண்ணையும் ஒரு அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தால் போதும். கணக்குப் போட மூன்றாமாண்டு ஆட்டோமொபைலிலிருந்து பத்துப் பேர் வருகிறோம். எடைச் சீட்டுக்கு ஆகும் பணத்தைப் பேரவை பார்த்துக்கொள்ளட்டும்.