கறிவேப்பிலையைத் தின்ற விருந்தாளி

போன இதழில் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? இந்தத் தடவையும் பூச்சிதான்! முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. இது வயிற்றுக்குள் இருக்கும் பூச்சி இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலையை ஒரே மாதத்தில் மொட்டையடித்த பூச்சி.

பாளையங்கோட்டையில் நாங்கள் இருக்கும் வீட்டில் கொல்லை என்பது பெயருக்குத்தான். துணி துவைக்கிற கல், அதை ஒட்டி இடுப்புயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி, அவ்வளவுதான். அந்தச் செடி என் மாமியார் தன் பிறந்த வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்தது. மாமா காலமான பிறகு அத்தை யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் காலையும் மாலையும் அந்தச் செடிக்குப் புளித்த மோர் ஊற்ற மட்டும் மறக்கவே மாட்டார்கள்.

ஒரு நாள் காலையில் அத்தையின் குரல் கேட்டது. "ஏளா, இங்க வா! செடியில காக்கா எச்சம் போட்டிருக்கு, தண்ணி ஊத்து."

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கோமுதான் முதலில் ஓடினாள். "ஆச்சி, எச்சம் நகருது!"

உண்மைதான். பழுப்பும் வெள்ளையுமாக, பார்த்தால் அசல் பறவை எச்சம். கிட்டப் போய்ப் பார்த்தால் இலையைக் கடிக்கும் புழு! பறவை தன் எச்சத்தைத் தானே தின்னாது என்று எப்படித்தான் அது தெரிந்து வைத்திருக்கிறதோ. தேடினோம். மொத்தம் ஏழு. இரண்டு தளிர்களில் கடுகளவில், பொரிந்துபோன முட்டைக் கூடுகளும் இருந்தன.

"மிதிச்சுப் போடு" என்றார்கள் அத்தை. நானும் செருப்பைத் தேடினேன். பொய் சொல்வானேன்? அதற்கு முன் எத்தனையோ தடவை அப்படித்தான் செய்திருக்கிறேன். கோமு அழுதாள். சரி, ஆறு புழுக்களை எடுத்து வளர்ப்போம், ஒன்றைச் செடியிலேயே விடுவோம் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

வளர்ப்பது சிரமமே இல்லை. அகலவாய்க் கண்ணாடி ஊறுகாய் ஜாடி இரண்டு. அடியில் செய்தித்தாள். பழைய மருந்துக் குப்பியில் தண்ணீர் விட்டு, அதில் கறிவேப்பிலைக் கொத்தைச் செருகி, குப்பி வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துப்போகும். ஜாடி வாய்க்குப் பழைய வாயில் புடவைத் துண்டைக் கட்டினேன். தினமும் காலையில் தாளை மாற்றிப் புது இலை வைப்பது கோமுவின் வேலை. பல் தேய்க்கச் சொன்னால் பத்துத் தடவை சொல்ல வேண்டிய பெண், இதைச் சொல்லாமலே செய்தாள்!

படம் எடுப்பது என் வேலை. பெரிய காமிரா எல்லாம் இல்லை. கையில் இருக்கும் செல்போன்தான். ஆரம்பத்தில் எடுத்ததெல்லாம் பச்சையாக ஒரு கலங்கல். பிறகு மூன்று விஷயம் பிடிபட்டது. காலை ஏழு, எட்டு மணி வெயில் நேராகப் படாத இடத்தில் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது. போனை மிகவும் நெருக்கிக்கொண்டு போகாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, திரையில் புழுவின் மேல் விரலால் தொட்டுவிட்டு எடுத்தால் தெளிவாக விழுகிறது. பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றை நிறுத்திவிட்டால் பாத்திரம் தேய்க்கிற இடம் படத்தில் வராது! பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தினமும் எடுத்ததால், எத்தனை நாளில் எவ்வளவு வளர்ந்தது என்று கோமு அளந்து நோட்டில் எழுதினாள்.

புழு நாலு தடவை சட்டை உரிக்கிறது. உரித்த சட்டையையும் வீணாக்காமல் தின்றுவிடுகிறது. நாலாவது சட்டை போனதும் எச்ச வேஷம் கலைந்து, பச்சைப் பட்டு உடுத்தின மாதிரி ஆகிவிடுகிறது. அதைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக, கவட்டை போல இரண்டு கொம்பு விருட்டென்று நீளும். ஒரு காரமான நெடி அடிக்கும். நம்மை ஒன்றும் செய்யாது, எறும்புக்கும் குளவிக்கும் காட்டுகிற பூச்சாண்டி அது. (முருங்கை மரத்துக் கம்பளிப் பூச்சி வேறு! அதன் முடி பட்டால் தடித்து அரிக்கும். குழந்தைகளை அதன் கிட்டேயே விடாதீர்கள். எருக்கிலும் அரளியிலும்கூட அழகான பட்டாம்பூச்சிப் புழுக்கள் உண்டு. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அரளியோ வாயில் போனால் விஷம். அவற்றைத் தூர நின்று பார்த்தால் போதும்.)

பத்தாம் நாள் செடியில் இலை தீர்ந்துபோயிற்று. அன்று நான் செய்த காரியம்தான் இதை எழுதும்போதும் உறுத்துகிறது. வெளியே வாங்கிய கறிவேப்பிலை ஃபிரிட்ஜில் இருந்தது. இலைதானே என்று லேசாகக் கழுவி ஒரு ஜாடியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால், அந்த ஜாடியிலிருந்த மூன்றில் இரண்டு துவண்டு கிடந்தன. வாயில் பச்சையாகக் கக்கியிருந்தது. மூன்றாவது தப்பித்தது, பழைய கொத்தின் காம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததால்.

கோமு என்னை ஒன்றும் கேட்கவில்லை. "நேத்து ரசத்துக்கு இதே இலைதானம்மா போட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. மருந்துதான் கொன்றது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. புழுக்களுக்கு நோயும் வரும். ஆனால் பூச்சிக்கு அடித்த மருந்து பூச்சியைக் கொல்லுவதில் ஆச்சரியம் என்ன? அன்றிலிருந்து கடை இலையை ஓடுகிற தண்ணீரில் மூன்று தடவை அலசாமல் நான் அடுப்படிக்குள் விடுவதில்லை. கழுவினால் எல்லாம் போய்விடும் என்பதும் இல்லை, குறையும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு செடி இருப்பதே நல்லது. தொட்டியில் இரண்டு கன்று கூடுதலாக வைத்திருக்கிறோம். மிச்சப் புழுக்களுக்கு அத்தைதான் எதிர்வீட்டு மரத்தில் இலை கேட்டு வாங்கி வந்தார்கள். மாமா போனபிறகு அத்தை இன்னொரு வீட்டு வாசற்படி ஏறியது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு நாள் கோமு அலறினாள், "அம்மா, இதுக்கு வயித்துப்போக்கு!" உப்பு சர்க்கரைக் கரைசல் கேட்காத குறை. அது நோய் இல்லையாம். கூடு கட்டுமுன் புழு வயிற்றைக் காலி செய்துவிட்டு இடம் தேடி அலையும். அப்புறம் வால் நுனியைக் குச்சியில் ஒட்டிக்கொண்டு, மின் கம்பத்தில் ஏறும் லைன்மேன் இடுப்பில் வாரைப் போட்டுச் சாய்ந்திருப்பாரே, அந்த மாதிரி இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிடுகிறது. மறுநாள் கடைசிச் சட்டையும் கழன்று கூட்டுப்புழு ஆகிவிட்டது. பச்சைக் காம்பில் இருந்தவை பச்சை, காய்ந்த குச்சியில் இருந்தது பழுப்பு.

செடியில் விட்ட ஏழாவதும் தண்டிலேயே கூடு கட்டியது. ஆனால் அதிலிருந்து பட்டாம்பூச்சி வரவில்லை. ஊசி முனைத் துளை போட்டுக்கொண்டு எறும்பைவிடச் சின்னக் குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. குளவி தன் முட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கோமுவுக்குத் தாங்கவில்லை. "அதுவும் ஒரு தாயிதானட்டி" என்றார்கள் அத்தை.

இதையெல்லாம் நமக்கு முன்னால் ஒரு பெண் கவனித்து எழுதியிருக்கிறார், தெரியுமா? மரியா சிபில்லா மெரியன், ஜெர்மனியில் 1647இல் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே பட்டுப் புழு வளர்த்துப் படம் வரைந்தவர். இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்துக்கொண்டே புழுக்களையும் வளர்த்து, எந்தப் புழு எந்தச் செடியைத் தின்கிறது, அது என்னவாக மாறுகிறது என்று பார்த்துப் பார்த்து 1679இல் புத்தகம் போட்டார். 1699இல் தம் ஐம்பத்திரண்டாவது வயதில் இளைய மகளை அழைத்துக்கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சுரினாமுக்கே போய்விட்டார்! காமிரா என்ற பேச்சே இல்லாத காலம். எல்லாம் கையால் வரைந்த வண்ணப் படங்கள்.

எங்கள் கூடுகள் பத்தாம் நாள் கறுத்தன. தோலுக்குள்ளே சிறகின் புள்ளி தெரிந்தது. மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கே அத்தை நாற்காலியைப் போட்டு ஜாடி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறரைக்குக் கூடு முதுகில் வெடித்தது. கசங்கிய கைக்குட்டை மாதிரி ஒன்று வெளியே வந்து குச்சியில் தொங்கியது. கோமு விரலை நீட்டினாள். நான் தடுத்துவிட்டேன். அது தொங்கினால்தான் உடம்பிலிருந்து நீர் பாய்ந்து சிறகு விரியும், விரிந்து காய மணிக்கணக்காகும். கைபட்டுச் சிறகு மடங்கிவிட்டால் பிறகு பறக்கவே பறக்காது.

அன்றும் மறுநாளுமாக மூன்று எலுமிச்சை அழகிகள். கறுப்பில் மஞ்சள் திட்டு, பின்சிறகில் ஒரு சிவப்புப் பொட்டு. நாலாவதுதான் வேறு! வாலுடன், வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளுமாக. அது கறிவேப்பிலை அழகியின் பெண். புழுவாக இருந்தபோது எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. விஷச் செடி தின்று வளரும் ரோஜா அழகியைப் பறவைகள் தொடாது; அதனால் அதைப் போலவே புடவை கட்டிக்கொண்டு திரிகிறாளாம் இவள். உடம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு, இவளுக்குக் கறுப்பு.

செல்போனில் இப்போது இருநூற்றுச் சொச்சம் படங்கள். அத்தை ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோமுவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள்.

நேற்று தாளிப்புக்கு இலை பறிக்கப் போனேன். செடி மறுபடி துளிர்த்திருக்கிறது. கையை நீட்டினேன்.

"அந்தக் கொப்புல வேண்டாம்ளா," என்றார்கள் அத்தை பின்னாலிருந்து. "அதுல ரெண்டு முட்டை இருக்கு. இந்தப் பக்கம் பறி."