வீட்டு வரி: கணக்கைக் காட்டிக் கேளுங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தின் சாகுபுரம் ஆலைக் குடியிருப்பில் இருக்கும்வரை தொழிலாளிக்கு வீட்டு வரியோடு நேரடிப் பழக்கம் இல்லை. வீடு நிர்வாகத்துடையது, வரியும் அவர்கள் பாடு. ஓய்வு பெற்று, பி.எஃப்., கிராஜுவிட்டிப் பணத்தைப் போட்டு ஆறுமுகநேரியிலோ காயல்பட்டினத்திலோ வீடு வாங்கிய பிறகுதான் வரி விதிப்பு எண் என்ற ஒன்று அவர் கைக்கு வருகிறது. கூடவே அரையாண்டுக்குக் கட்ட வேண்டிய தொகையும் வருகிறது. அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது? பெரும்பாலான வீட்டுக்காரர்கள் கேட்டதில்லை, யாரும் கூப்பிட்டுச் சொன்னதுமில்லை. கேட்ட தொகையைக் கட்டிவிட்டு ரசீதைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்.

இந்த நிலை மாற வேண்டும். வரியை உயர்த்தவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வரி கேட்கும் உள்ளாட்சி அமைப்பு, அந்தத் தொகைக்கான கணக்கைக் கேட்புச் சீட்டிலேயே அச்சிட்டுத் தர வேண்டும் என்கிறோம். கட்டடத்தின் பரப்பு எத்தனை சதுர அடி என்று பதிவேட்டில் இருக்கிறது, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, சதுர அடிக்கு என்ன மதிப்பு, குடியிருப்பா கடையா, கட்டடத்தின் வயதுக்கு என்ன கழித்தார்கள் என்ற ஐந்து விவரங்களும் ஒரே தாளில் அடங்கிவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு 2022ஆம் ஆண்டு உயர்வே சாட்சி. அந்த ஏப்ரலில் தமிழக அரசு, சென்னை நீங்கலான நகர்ப்புறங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் சொத்து வரியை உயர்த்தியது. வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு. சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்குக் கூடுதல் என்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் படிக்கட்டு வைத்த வரியில் ஒரு படி தவறினாலும் அடி பலமாக விழும். 1,200 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்றால் உயர்வுக்குப் பிறகு 1,500. அதே வீடு பதிவேட்டில் 1,210 என்று ஏறியிருந்தால் 1,750. ஆண்டுக்கு 500 ரூபாய் வித்தியாசம். இத்தனைக்கும் பத்து சதுர அடி என்பது மாடிப்படிக்குக் கீழே செருப்பு வைக்கும் மூலை அளவுதான். முன் அறையில் ஒரு தையல் மெஷின் போட்டிருந்ததைப் பார்த்து வீடு முழுவதையும் கடைக் கணக்கில் எழுதிவிட்டால் இழப்பு இதைவிடப் பெரிது.

இன்னொன்றும் உண்டு. 2022க்கு முன்பு, சென்னையில் 1998லும் மற்ற ஊர்களில் 2008லும் நடந்ததுதான் கடைசிப் பொதுச் சீராய்வு. பதினான்கு ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பு வரை உயர்த்தியது மக்களுக்கு அதிர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை. சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்த்து வரி வசூலையும் உயர்த்தினால்தான் உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. அதன் வழியில் இப்போது ஆண்டுதோறும் உயர்த்தும் முறை வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி 6 விழுக்காடு உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. திடீர் உயர்வைவிடச் சிறுகச் சிறுக உயர்வதே மேல் என்பது நம் கருத்து. ஆனால் ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் வரி இரட்டிப்பாகும். அடிப்படை அளவே தப்பாக இருந்தால் தப்பும் கூடவே இரட்டிப்பாகும். ஆகவே அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டிய காலம் இதுதான்.

"ஊருக்கு என்ன செய்தார்கள், வரி கட்டுவதற்கு?" என்ற கேள்வி இந்தப் பகுதியில் 2023 டிசம்பருக்குப் பிறகு இன்னும் உரக்கக் கேட்கிறது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ. எந்த ஊர் வடிகாலும் அதைத் தாங்கியிருக்காது. அதற்காக வடிகாலே வேண்டாம் என்றும் இருந்துவிட முடியாது. ஒரு நகராட்சியோ பேரூராட்சியோ தானாகத் திரட்டிக்கொள்ளும் பணத்தில் முதன்மையானது சொத்து வரி. மற்றதற்கெல்லாம் சென்னையையும் டெல்லியையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். வரி கட்டாமல் இருப்பது எதிர்ப்பு ஆகாது, அடுத்த மழைக்கு நம் தெருவை நாமே கைவிடுவது ஆகும்.

வரிப்பணம் ஊருக்கே பயன்படுவதற்கு இந்தக் கடற்கரையில் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. முத்துக்குளிப்பில் வந்த வருமானம் வெள்ளைக்கார அரசின் கஜானாவுக்குப் போன காலத்தில், 1866லேயே நகரசபையான தூத்துக்குடி குடிதண்ணீருக்குத் தவித்தது. நகரசபைத் தலைவராக ஐந்து முறை இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்தார். நூறு ஆண்டு ஆகப்போகிறது, அவர் பெயரை இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். குழாயில் தண்ணீர் வந்ததை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். வரிப்பணம் எங்கே போனது என்று அங்கே யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று விளக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் கவுன்சில் வரிச் சீட்டிலேயே மன்றத்துக்கு எவ்வளவு, காவல்துறைக்கு எவ்வளவு, தீயணைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடுகிறார்கள். அங்கேயும் குறை உண்டு, வீடுகளின் மதிப்பு இன்னும் 1991ஆம் ஆண்டு விலையிலேயே நிற்கிறது. ஆனாலும் கட்டுகிற பணம் போகும் இடம் கட்டுகிறவருக்குத் தெரிகிறது. நம் ஊரில் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் கட்டுகிறோம். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தால் வந்த வரி அது, நாம் பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. தெரு நூலகத்தில் புத்தகம் எடுக்கும் எத்தனை பேருக்கு அது தம் வீட்டு வரியிலிருந்து வந்தது என்று தெரியும்?

வீட்டுக்காரர்களுக்கும் கடமை இருக்கிறது. முதல் வேலை பெயர் மாற்றம். தாத்தா பெயரிலேயே ரசீது வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது வழக்கம், ஒரே மனை இரண்டாக, மூன்றாகப் பிரிகிறது. பத்திரத்தில் பிரிந்த வீடு வரிப் பதிவேட்டில் பிரியாமல் கிடந்தால் அளவும் தப்பும், ஆட்சேபம் சொல்லவும் ஆள் இருக்காது. கிரயப் பத்திரமோ தானசெட்டில்மென்ட்டோ வாரிசுச் சான்றோ கையில் இருக்கும்போதே வரியைப் பிரித்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரி ரசீது மட்டும் இருந்தால் வீடு நம்முடையது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

அடுத்து, டேப் எடுத்து வீட்டை அளந்து பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். மாடி கட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மறைத்தவர் தப்பினால் அந்தச் சுமை நேர்மையாகக் கட்டும் பக்கத்து வீட்டின் மேல் விழுகிறது. அளவு தப்பு என்று தெரிந்தால் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நகராட்சிகளில் இதற்காகவே வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30 தேதிகளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் வட்டி.

காயல்பட்டினம் நகராட்சிக்கும் ஆறுமுகநேரிப் பேரூராட்சிக்கும் நம் வேண்டுகோள் இது: அடுத்த அரையாண்டுக் கேட்பு வெளியாகும் முன்பே, வார்டு வாரியாக ஒவ்வொரு வீட்டின் பதிவு அளவையும் மண்டலத்தையும் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். சென்ற ஆண்டு வசூலான வரியில் வடிகாலுக்கும் குடிநீருக்கும் எவ்வளவு போனது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மன்ற உறுப்பினர்கள் வரும் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.