சிஸ்ஸேவுக்குக் கிடைத்த அவகாசம்

2002 பிப்ரவரி. ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டம், பமாகோ. கேமரூனுக்கு எதிராகக் கடைசி பெனால்டியைக் கோட்டைவிட்டவர் செனகல் கேப்டன் அலியூ சிஸ்ஸே. மே மாதம் அதே அணி உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் பிரான்ஸை வீழ்த்தியது. செப்டம்பரில் 'ஜூலா' கப்பல் மூழ்கியதில் அவர் குடும்பத்தில் பலர் மாண்டார்கள். ஒரே ஆண்டுக்குள் இத்தனையும்.

2015-இல் தேசிய அணியின் பயிற்சியாளரானார். 2018 உலகக் கோப்பையில் மஞ்சள் அட்டைக் கணக்கில் ஜப்பானிடம் வாய்ப்பை இழந்தார். (இப்படி வெளியேறிய முதல் அணி செனகல்தான், என்ன விதியோ!) 2019 ஆப்பிரிக்க இறுதியில் அல்ஜீரியாவிடம் தோல்வி. வேறு சங்கமாக இருந்தால் அன்றே ஐரோப்பாவிலிருந்து ஒருவரை இறக்கியிருக்கும். செனகல் பொறுத்தது. 2022-இல் எகிப்தை, அதுவும் பெனால்டியில், வென்று நாட்டின் முதல் ஆப்பிரிக்கக் கோப்பையைக் கொண்டுவந்தார் சிஸ்ஸே. அவருடைய தற்காப்பு ஆட்டம் சலிப்பூட்டியது என்பார்கள். உண்மைதான். ஆனால் உள்ளூர்க்காரருக்கு ஒன்பது ஆண்டு அவகாசம் தந்த துணிச்சல் அதைவிடப் பெரிது. 2024-இல் அவரை விடுவித்தபோதும் செனகல் வெளியே தேடவில்லை. அடுத்து வந்த பாப்பே தியாவும் 2002 அணியில் ஆடியவரே.